நானோத்துகள் புற்றுநோய்ச் செல்லைத் "தற்கொலை" செய்ய வைக்கிறதா? எவ்வளவு நிஜம், எவ்வளவு தலைப்புச் செய்தி?

வாசல்படி:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு காணொளி இப்போ எல்லாக் குழுவிலயும் சுத்திட்டிருக்கு. குட்டி ரோபோ ஒண்ணு ரத்தத்துல நீந்திப் போய் புற்றுநோய்ச் செல்லைத் தொடுது, செல் சுருங்கிச் சிதறிடுது, பக்கத்துல இருக்கிற நல்ல செல் அப்படியே இருக்கு. "இனி கீமோ வேண்டாம்"னு தலைப்பு.

என் பெரியம்மாவுக்குச் சினைப்பைப் புற்று திரும்ப வந்திருக்கு, அதனாலதான் கேக்கறேன். அவங்களுக்கு இப்போ ஏத்தற மருந்து பேருல "லிப்போசோமல்"னு இருக்கு. அதுவும் நானோ மருந்துதான்னு டாக்டர் சொன்னார். அப்போ காணொளியில வர்றதும் இதுவும் ஒண்ணா? வேற வேறன்னா, அது எப்போ மனுஷங்களுக்கு வரும்? தெரிஞ்சவங்க நிதானமா சொல்லுங்க. நான் படிச்சது வணிகவியல்.

நுண்ணோக்கி:
வாசல்படி, பெரியம்மா தேறி வரட்டும். நேரடிப் பதில்: இரண்டும் ஒன்றல்ல. பெரியம்மாவுக்கு ஏற்றுவதில் நானோத்துகள் மருந்தைச் சுமந்து போகிறது, கொல்வது உள்ளே இருக்கும் பழைய மருந்து. காணொளி காட்ட முயல்வது, சாவுக்கான உத்தரவைத் துகளே செல்லுக்குக் கொடுப்பதை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மீதி எளிது.

நம் உடலில் ஒவ்வொரு செல்லுக்கும் தன்னை முடித்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. கெர், வில்லி, கர்ரி மூவரும் 1972-ல் இதை அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டு விவரித்தார்கள். கேஸ்பேஸ் என்ற நொதிகள் ஒன்றையொன்று முடுக்கிவிட, செல் உள்ளிருந்தே துண்டாகி, சவ்வு கிழியாமல் சிறு பொட்டலங்களாக உதிர்கிறது. அக்கம்பக்கத்துச் செல்கள் அவற்றை விழுங்கிவிடும்.

இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு வாசல்கள். ஒன்று உள்ளே: மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசிந்தால் கேஸ்பேஸ்கள் கிளம்பும். மற்றது வெளியே: செல்லின் மேற்பரப்பில் "மரண ஏற்பி" எனப்படும் டி.ஆர்.4, டி.ஆர்.5 போன்ற புரதங்கள். புற்றுநோய்ச் செல் பிழைத்திருப்பதே பெரும்பாலும் உள்வாசலை அடைத்துவிட்டதால்தான். மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில், கெட்டுப்போன செல்லைச் சாகத் தூண்டும் பி53 மரபணு பழுதாகியிருக்கும். சிலவற்றில் பி.சி.எல்-2 என்ற காவல் புரதம் அளவுக்கு மீறிச் சுரக்கும். அதனால்தான் ஆய்வாளர்கள் வெளிவாசல் பக்கம் போனார்கள்.

நீங்கள் பார்த்த காணொளிக்கு மூலம், எனக்குத் தோன்றுவது, சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனம் 2024-ல் வெளியிட்ட ஆய்வு. நீந்துகிற ரோபோ எதுவும் அதில் இல்லை. டி.என்.ஏ இழைகளை மடித்துச் செய்த நானோ அளவுக் கூடு. உட்குழிவில், மரண ஏற்பியைப் பிடிக்கும் ஆறு பெப்டைடுகள் (குட்டிப் புரதத் துண்டுகள்) அறுகோணமாக நிற்கும். மரண ஏற்பி ஒன்றைத் தொட்டால் எதுவும் நடக்காது, ஒரு கை தட்டி ஓசை வராது. பல ஏற்பிகள் சில நானோமீட்டர் இடைவெளிக்குள் கூடி நின்றால்தான் உத்தரவு உள்ளே போகும். அந்த அறுகோணம் அவற்றைக் கூட்டுகிறது. ரத்தத்தின் பி.எச். 7.4. அங்கே பெப்டைடுகள் குழிவுக்குள் மறைந்திருக்கும். கட்டியைச் சுற்றி அமிலத்தன்மை கூடி 6.5 பக்கம் வரும்போது கூடு திறந்து அவற்றை வெளிக்காட்டும். மார்பகப் புற்று வைத்த எலிகளில், செயலிழக்க வைத்த கூட்டோடு ஒப்பிட்டால், கட்டி வளர்ச்சி 70% வரை குறைந்தது.

எலிகளில். அதைத் தடித்த எழுத்தில் வாசியுங்கள்.

சந்தேகப்பிராணி:
அண்ணன் கடைசி வரியில சொன்னதை நான் முதல் வரியில சொல்லியிருப்பேன். எலிக்குப் புற்றுநோய் வந்தா கவலையே பட வேண்டாம், அதைக் குணப்படுத்த நம்மகிட்ட ஆயிரம் வழி இருக்கு.

வெளிவாசல் கதையோட இன்னொரு பாதியையும் சொல்லிடணும். டி.ஆர்.4, டி.ஆர்.5-ஐ இயற்கையாவே தட்டுற புரதம் டிரெயில். அதை மருந்தாவே செஞ்சு மனுஷங்களுக்குக் கொடுத்துப் பார்த்தாச்சு. ஏத்தினதுல பாதி சுமார் ஒரு மணி நேரத்துக்குள்ள ரத்தத்துலேர்ந்து காணாமப் போயிடுச்சு. நுரையீரல் புற்றுல கீமோவோட சேர்த்தும் உருப்படியான பலன் தெரியல. அதே ஏற்பியைப் பிடிக்கிற எதிரணு (ஆன்டிபாடி) மருந்துகளும் வந்து போச்சு. ஆக, வாசல் எங்கேன்னு தெரிஞ்சு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு.

அடைச்ச உள்வாசலைத் திறக்க நானோவே தேவையில்லைன்னும் காட்டியாச்சு. வெனிட்டோகிளாக்ஸ்னு ஒரு மாத்திரை, 2016-ல அனுமதி வாங்கினது, பி.சி.எல்-2 மேல நேரா உக்காந்துக்குது. நாள்பட்ட நிணநீர் வெள்ளணுப் புற்றுல செல்லுங்க கொத்துக் கொத்தா அப்போப்டோசிஸ்ல போகுது. வாயில போடுற மாத்திரை. துகளும் இல்ல, ரோபோவும் இல்ல.

நுண்ணோக்கி:
வெனிட்டோகிளாக்ஸ் நல்ல உதாரணம்தான், ஆனால் அது பெரும்பாலும் ரத்தப் புற்றுகளில். கெட்டியான கட்டிகளில் அந்த அளவுக்கு எடுபடவில்லை. டிரெயில் விழுந்ததற்குக் காரணம் நீங்களே சொல்லிவிட்டீர்கள்: சீக்கிரம் கரைந்தது, ஏற்பிகளைப் போதுமான நெருக்கத்தில் கூட்டவும் முடியவில்லை. நானோத்துகள் அந்த இரண்டு குறைக்கும்தான் மருந்து. 2012-ல் தென்கொரியாவின் யோன்செய் பல்கலைக்கழகக் குழு, துத்தநாகம் கலந்த இரும்பு ஆக்சைடு துகளில் டி.ஆர்.4-க்கான எதிரணுவை ஒட்டி, வெளியே காந்தப்புலத்தைப் போட்டது. துகள்கள் ஒன்றுகூட, ஏற்பிகளும் கூடின, பெருங்குடல் புற்றுச் செல்கள் அப்போப்டோசிஸில் இறந்தன. வரிக்குதிரை மீனிலும் இதே நுட்பம் வேலை செய்வதைக் காட்டினார்கள். மருந்து என்று ஒரு மூலக்கூறுகூட அதில் இல்லை. கொல்வது ஏற்பிகள் நிற்கும் அமைப்பு. எனக்கு இந்தத் துறையிலேயே அழகானது இதுதான்.

சந்தேகப்பிராணி:
அழகு வேற, சிகிச்சை வேற. மீன் கண்ணாடி மாதிரி தெரியும், கட்டி எங்கே இருக்குன்னு பார்த்துக் காந்தத்தைக் காட்டலாம். மனுஷன் வயித்துக்குள்ள பரவின புற்றுக்கு எங்கே காந்தத்தைக் காட்டுவீங்க?

அப்புறம், போய்ச் சேரற கணக்கைப் பத்தி யாருமே வாய் திறக்கல. டொரண்டோவுல வாரன் சான் குழு 2016-ல பத்து வருஷ ஆய்வுக் கட்டுரைங்க 117-ஐ அலசிப் பார்த்தாங்க. ஏத்தின நானோத்துகள்ல கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது, இடைநிலை மதிப்பு, 0.7%. நூறுல ஒண்ணுகூட இல்ல! அதுவும் எலியில. மீதி பெரும்பாலும் கல்லீரல், மண்ணீரல்.

மருந்துமேசை:
ரெண்டு பேரும் சண்டையைக் கொஞ்சம் நிறுத்துங்க, கேட்டவங்களுக்குப் பதில் சொல்லிட்டு வர்றேன். நான் புற்றுநோய்ப் பிரிவில் மருந்தாளுநர். இந்தக் கலவைகளைத் தயார் செய்வதுதான் என் வேலை.

வாசல்படி, பெரியம்மாவுக்குப் போடுவது லிப்போசோமல் டாக்சோரூபிசினாக இருக்கும் என்று நினைக்கிறேன். சினைப்பைப் புற்று திரும்பும்போது வழக்கமாகக் கொடுப்பது. டாக்சில் என்ற பெயரில் 1995-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த, துறையின் மூத்த மருந்து. கொழுப்புச் சவ்வாலான உருண்டை, 80 முதல் 100 நானோமீட்டர். உள்ளே டாக்சோரூபிசின் படிகமாக உறைந்திருக்கும். மேலே பெக் என்ற பாலிமர் போர்வை, எதிர்ப்புச் செல்கள் உடனே அடையாளம் காணாமலிருக்க. சாதாரண டாக்சோரூபிசின் ஏற்றிய சில நிமிடங்களில் ரத்தத்தைவிட்டுத் திசுக்களுக்குள் போய்விடும். இது இரண்டு மூன்று நாள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதனால் என்ன லாபம் என்று கேட்டால், முக்கியமாக இதயம். மார்பகப் புற்றில் 509 பெண்களை வைத்துச் சாதாரண மருந்தோடு ஒப்பிட்ட ஆய்வு 2004-ல் வெளிவந்தது. நோயைக் கட்டுப்படுத்துவதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று, இதயப் பாதிப்பு இதில் நன்றாகக் குறைவு. ஆக, "கூடுதலாகக் கொல்கிறது" என்பதற்காக இதைத் தருவதில்லை. இதை நோயாளி வீட்டாரிடம் யாரும் இப்படி உடைத்துச் சொல்வதில்லை, எனக்கு அது வருத்தம்தான்.

இதற்கென்று தனித் தொல்லைகளும் உண்டு. உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து எரியும், தோல் உரியும். நீண்ட நேரம் சுற்றுவதன் விலை அது. ஏற்றிய அடுத்த சில நாள் கைகாலுக்கு வெந்நீர், இறுக்கமான செருப்பு, அழுத்தித் தேய்ப்பது எல்லாம் தவிர்க்கச் சொல்லுங்கள். எரிச்சல் ஆரம்பித்ததுமே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அடுத்த சுற்றின் அளவையோ இடைவெளியையோ மாற்றுவார்கள். முதல் முறை ஏற்றும்போது தொடக்க நிமிடங்களில் முகம் சிவந்து மூச்சு முட்டலாம். அதனால்தான் ரொம்ப மெதுவாகத் தொடங்குவார்கள். நர்ஸ் வேகத்தைக் கூட்டவில்லையே என்று அவசரப்படுத்த வேண்டாம்.

இன்னொன்று, கட்டாயம் மனதில் வையுங்கள்: "லிப்போசோமல்" என்ற அந்த ஒரு சொல் அலங்காரம் இல்லை. சாதாரண டாக்சோரூபிசினும் இதுவும் அளவு வேறு, ஏற்றும் விதம் வேறு. ஒன்றுக்கு மற்றது மாற்று கிடையாது. கோப்பில் முழுப்பெயர் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

வாசல்படி:
அக்கா, ரொம்ப நன்றி. கை எரியுதுன்னு பெரியம்மா சொல்லிட்டுத்தான் இருக்காங்க, வயசானா வர்றதுன்னு விட்டுட்டோம். இன்னைக்கே பேசறேன்.

ஒரு சின்னக் கேள்வி. கொல்றது பழைய மருந்துதான்னா, துகளுக்குள்ள வெச்சா மட்டும் அது எப்படி இதயத்தை விட்டுட்டுக் கட்டிக்குப் போகுது? அதுக்கு வழி தெரியுமா?

நுண்ணோக்கி:
வழி தெரியாது. ரத்தம் எங்கே தள்ளுகிறதோ அங்கே போகும். இதயத்தின் நுண்குழாய்ச் சுவர் இறுக்கமானது, 100 நானோமீட்டர் துகள் எளிதில் வெளியே கசியாது. கட்டிக்குள் அவசரத்தில் முளைத்த ரத்தக்குழாய்கள் ஓட்டை உடைசல், வடிகாலும் சரியில்லை, ஆகவே துகள் கசிந்து அங்கேயே தங்கும். 1986-ல் ஜப்பானின் மட்சுமுராவும் மயேடாவும் சொன்னது இது. முப்பது வருடம் துறையே இதன் மீதுதான் நின்றது.

இப்போது அந்த அஸ்திவாரத்திலேயே கேள்வி. 2020-ல் டொரண்டோ குழுவே, துகள்களில் 97% வரை ஓட்டை வழியாக அல்ல, ரத்தக்குழாய்ச் செல்களே அவற்றை உள்வாங்கி மறுபக்கம் கடத்துவதால்தான் கட்டிக்குள் போகின்றன என்று எழுதியது. அப்படியென்றால் இத்தனை காலம் "ஓட்டைக்குப் பொருந்தும் அளவு" தேடியது பாதிக்கு மேல் வீண். இதில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

சந்தேகப்பிராணி சொன்ன 0.7%-க்கும் வருகிறேன். கணக்கில் தவறில்லை, ஆனால் அது எதோடு ஒப்பிடுகிறது என்று கேட்க வேண்டும். துகள் இல்லாமல் ஏற்றும் சாதாரண கீமோவிலும் கட்டிக்குப் போவது மிகச் சிறிய பங்குதான். 2020-ல் வேறொரு குழு அதே வகைத் தரவை மருந்தியல் முறைப்படி, ரத்தத்தில் எவ்வளவு நேரம் எவ்வளவு இருந்தது என்பதோடு ஒப்பிட்டுத் திரும்பக் கணக்கிட்டது. படம் அவ்வளவு மோசமில்லை. 0.7 என்ற எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு வருவது தலைப்புச் செய்திக்கு எதிர்த் தலைப்புச் செய்தி.

சந்தேகப்பிராணி:
சரி, அந்த அடியை வாங்கிக்கறேன். ஆனா என் கேள்வி துகளே கொல்ற வகைக்கு. சாதா கீமோ மூலக்கூறு சிறுசு, கட்டிக்குள்ள தானா ஊறிப் பரவும். டி.என்.ஏ கூடு பரவுமா? ரத்தக்குழாயை ஒட்டின ரெண்டு மூணு வரிசைச் செல்லைத் தாண்டாது. தப்பிச்ச செல்லுதானே திரும்ப வளரும்? அந்தக் கணக்குல உங்க அழகான அறுகோணம் லிப்போசோமைவிட மோசம்.

குறிவெச்சுப் போற துகள்னு ஆரவாரமா வந்த பிண்ட்-014 நினைவிருக்கா? புராஸ்டேட் செல் மேல இருக்கிற புரதத்தைத் தேடிப் பிடிக்கிற துகள், உள்ளே டோசிடாக்சல்னு ஒரு கீமோ மருந்து. 2016-ல அதைச் செஞ்ச நிறுவனமே திவால். குறி வெக்கிறது, போய்ச் சேர்ந்த பிறகுதான் உதவும். போய்ச் சேர வெக்காது.

காந்தப்பெட்டி:
இயற்பியல்காரன் குறுக்கே வரலாமா? போய்ச் சேராது என்றால் நேரே கட்டிக்குள் ஊசியால் போடுங்கள். இதைத்தான் எங்கள் ஆட்கள் செய்தார்கள்.

பெர்லினில் தொடங்கிய நானோதெர்ம்: சுமார் 15 நானோமீட்டர் இரும்பு ஆக்சைடு துகள்களை மூளைக் கட்டிக்குள் ஊசியில் செலுத்தி, தலையைச் சுற்றி விநாடிக்கு ஒரு லட்சம் முறை திசை மாறும் காந்தப்புலம். துகள் சூடாகும், கட்டி வேகும். ஐரோப்பிய அனுமதி 2010. 59 நோயாளிகள் ஆய்வு 2011-ல் வந்தது, ஒப்பீட்டுக் குழு இல்லாமல். நடைமுறையில் வந்த தொல்லைகளைக் கேளுங்கள்: பல்லில் உலோக அடைப்பு இருந்தால் முதலில் பிடுங்க வேண்டும், அதுவும் சூடாகும். பிறகு எம்.ஆர்.ஐ எடுத்தால் இரும்பு எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிடும், கட்டி வளர்கிறதா தேய்கிறதா என்று பார்க்க முடியாது. மூளைக் கட்டி நோயாளிக்கு எம்.ஆர்.ஐ பார்க்க முடியாது என்பது சின்ன விஷயமா!

தங்க ஓடு போட்ட சிலிக்கா உருண்டைகள் இன்னொரு வழி. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. சுமார் 150 நானோமீட்டர், அகச்சிவப்பை ஒட்டிய ஒளியை உறிஞ்சிச் சூடாகும். 2019-ல் புராஸ்டேட் புற்றுள்ள 16 ஆண்களின் முடிவு வெளியானது. நரம்பில் துகள், மறுநாள் சுரப்பிக்குள் லேசர் இழை. ஒளி படும் இடம் மட்டும் வேகும்.

எனக்குப் பிடித்தது ஹாஃப்னியம் ஆக்சைடு. அணு எண் 72, எக்ஸ் கதிரை நன்றாக விழுங்கும். 50 நானோமீட்டர் துகளைக் கட்டிக்குள் ஒரே ஒரு முறை ஊசி, பிறகு வழக்கமான கதிர்வீச்சு. கதிர் படாதவரை துகள் சும்மா கிடக்கும். பட்டால் எலக்ட்ரான்களை வாரி இறைக்கும், டி.என்.ஏ அறுபடும், செல் அப்போப்டோசிஸுக்கோ வேறு சாவுக்கோ போகும். மென்திசுப் புற்றில் சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வு, 2019: அறுவையில் எடுத்த கட்டியில் உயிருள்ள புற்றுச் செல் ஏறக்குறைய இல்லை என்ற நிலை கதிர் மட்டும் பெற்றவர்களில் 8%, துகளும் சேர்ந்தவர்களில் 16%. அதே ஆண்டு ஐரோப்பிய சி.இ முத்திரை (அங்கே விற்க அனுமதி). இரட்டிப்பு என்று குதிக்கலாம், நூறில் 84 பேருக்கு நடக்கவில்லை என்றும் சொல்லலாம். ஆனால் இது மனிதர்களில், ஒப்பீட்டோடு.

சந்தேகப்பிராணி:
இதுதான் பேச்சு. கடைசியைக் குறிச்சுக்கறேன்.

ஊசி எட்டற கட்டிக்கு மட்டும்தான் இதெல்லாம். ஆளைக் கொல்றது பெரும்பாலும் பரவினதுதான்.

பாசிமணி:
நான் முனைவர் பட்ட மாணவி. அப்போப்டோசிஸ் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், ஃபெரோப்டோசிஸை விட்டுவிட்டீர்களே? எங்கள் ஆய்வகத்தில் இப்போது எல்லாரும் அதன் பின்னால்தான்.

நுண்ணோக்கி:
நல்ல வேளை நினைவுபடுத்தினீர்கள். வாசல்படிக்காக: செல் சாவதற்கு அப்போப்டோசிஸ் ஒரே வழியல்ல. 2012-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்டாக்வெல் குழு பெயரிட்ட வகை ஃபெரோப்டோசிஸ். இதில் கேஸ்பேஸுக்கு வேலையே இல்லை. செல்லின் சவ்விலுள்ள கொழுப்பு, இரும்பின் தூண்டுதலால் ஆக்சிஜனேற்றமடைந்து கெட்டுப்போகிறது. ஜி.பி.எக்ஸ்4 என்ற நொதி, குளுட்டாதயோன் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருளின் துணையோடு அதைச் சரிசெய்துகொண்டே இருக்கும். நொதியை அடக்கினாலோ, குளுட்டாதயோன் வற்றினாலோ, இரும்பு மிகுந்தாலோ, சவ்வு தாங்காது.

சந்தேகப்பிராணியின் "தப்பிச்ச செல்லு" கவலைக்கு இங்கேதான் கொஞ்சம் நம்பிக்கை. கீமோவுக்குப் பின் பதுங்கிப் பிழைக்கும் செல்கள் ஜி.பி.எக்ஸ்4-ஐ ரொம்பவே நம்பியிருக்கின்றன என்று 2017-ல் காட்டினார்கள். அப்போப்டோசிஸ் வாசலை அடைத்தவனுக்கு இந்த வாசல் திறந்து கிடக்கிறது.

நானோத்துகள் இதில் தற்செயலாக நுழைந்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உல்ரிச் வீஸ்னர் செய்த சிலிக்காத் துகள்கள், 10 நானோமீட்டருக்கும் குறைவு. அவற்றை முதலில் செய்தது படமெடுக்க. மெலனோமா என்ற தோல் புற்று நோயாளிகளுக்கு ஏற்றி, பாதுகாப்பாகச் சிறுநீரில் வெளியேறுவதையும் 2014-ல் காட்டியிருந்தார்கள். 2016-ல் பார்த்தால், அமினோ அமிலம் கிடைக்காமல் பட்டினி கிடக்கும் புற்றுச் செல்களுக்கு இந்தத் துகளை நிறையக் கொடுத்தபோது அவை ஃபெரோப்டோசிஸில் இறந்தன. மருந்து எதுவும் ஏற்றாத வெறும் துகள். சுற்றுப்புறத்து இரும்பை அது செல்லுக்குள் இழுத்துப் போயிருக்கிறது. சாவு ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு அலையாகப் பரவியது. துகள் எட்டாத செல்லுக்கும் சாவு எட்டலாம் என்றால், இரண்டு மூன்று வரிசைக் கணக்கு மாறுகிறது. எலியில் கட்டியும் சுருங்கியது.

சந்தேகப்பிராணி:
அலை எங்கே நிக்கும்னு யார் சொல்றது? ஜி.பி.எக்ஸ்4 புற்றுச் செல்லோட சொத்து இல்லயே. அதை எடுத்துட்டா சிறுநீரகச் செல், நரம்புச் செல் எல்லாம் சாகும்.

இன்னொரு பயமும் இருக்கு. சிங்கப்பூர்ல டேவிட் லியோங் குழு 2019-ல மார்பகப் புற்று வெச்ச எலிகள்ல பார்த்தாங்க. தங்கம், சிலிக்கா, டைட்டானியம் டைஆக்சைடு துகள்கள் ரத்தக்குழாய்ச் செல்லுங்களோட இடைவெளியை விரிச்சு விட்டுடுது. அந்தச் சந்துல புற்றுச் செல் ரத்தத்துக்குள்ள இறங்கி வேற இடத்துல போய் உக்காருது. கொல்லப் போன துகள் பரப்பி விட்டுட்டு வந்தா?

நுண்ணோக்கி:
அந்தக் கட்டுரையை என் மாணவர்கள் எல்லாரையும் படிக்க வைக்கிறேன். துகளின் அளவு, பொருள், செறிவு மாறினால் விளைவும் மாறும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பரவலை அளக்காமல் கட்டியின் அளவை மட்டும் காட்டும் எலி ஆய்வை நான் இப்போது நம்புவதில்லை.

விடிவெள்ளி77:
இவ்வளவு பேச்சு எதுக்கு? நானோ சொட்டு மருந்துன்னு இணையத்துலயே கிடைக்குது, நாக்குக்கு அடியில பத்து சொட்டு, கேன்சர் செல் மட்டும் சாகும். பக்க விளைவு இல்ல. உள்பெட்டிக்கு வாங்க, விவரம் தர்றேன்.

மருந்துமேசை:
வாசல்படி, தயவுசெய்து போகாதீர்கள். மேலே பேசிய ஒவ்வொரு துகளும் நரம்பிலோ கட்டிக்குள்ளோ ஊசியாகப் போனது. வாயில் விட்டால் பெரும்பாலானவை குடலைத் தாண்டாது. தாண்டுகிற ஏதோ ஒன்று சொட்டில் இருந்தால் இன்னும் ஆபத்து, கீமோவோடு எப்படி மோதும் என்று யாரும் பார்த்ததில்லை. பாட்டிலில் என்ன உலோகம், எத்தனை நானோமீட்டர், எவ்வளவு செறிவு என்று கேளுங்கள், மனிதர் உள்பெட்டியைவிட்டே காணாமல் போய்விடுவார்.

காந்தப்பெட்டி:
நெறியாளருக்குப் புகார் அனுப்பியாகிவிட்டது.

வாசல்படி:
போகல அக்கா. டாக்டர்கிட்ட பேசிட்டேன். கையைப் பார்த்துட்டு அடுத்த சுற்றைத் தள்ளி வெச்சிருக்கார்.

ஆனா மனசு கேக்கல. துகளை மாத்தினதால உயிர் நீடிச்சதுன்னு ஒரு மருந்தாவது இருக்கா, இல்ல எல்லாமே பக்க விளைவைக் குறைக்கறது மட்டும்தானா?

மருந்துமேசை:
இருக்கிறது, அளவோடு. பாக்லிடாக்சல் என்ற பழைய கீமோ மருந்தை அல்புமின் புரதத்தோடு சேர்த்துச் சுமார் 130 நானோமீட்டர் துகளாக்கிய அப்ராக்சேன், 2005-ல் மார்பகப் புற்றுக்கு வந்தது. பழைய வடிவில் மருந்தைக் கரைக்க ஊற்றும் எண்ணெய் கடும் ஒவ்வாமை தரும், இதில் அது இல்லை. கணையப் புற்றில் ஜெம்சிட்டபின் என்ற கீமோ மருந்தோடு சேர்த்தபோது இடைநிலை ஆயுள் 6.7 மாதத்திலிருந்து 8.5 ஆனது. வயதானவர்களின் ஒருவகைத் தீவிர ரத்தப் புற்றில் இரண்டு பழைய மருந்துகளை 5-க்கு 1 விகிதம் கலையாமல் ஒரே லிப்போசோமில் அடைத்த வைக்சியோஸ், 2017: சுமார் 6 மாதம் 9.5 மாதத்துக்கு மேல் ஆனது. உள்ளே இருப்பதில் ஒரு மூலக்கூறுகூடப் புதிதில்லை. காணொளிக்காரர்கள் இதைப் படமெடுக்க மாட்டார்கள்.

பெரியம்மாவின் மருத்துவரிடம் அடுத்த முறை, அவருக்குப் பொருந்தும் ஆய்வுச் சிகிச்சை ஏதாவது நடக்கிறதா என்று கேளுங்கள். அப்படிச் சேர்ந்தால் எந்தக் கட்டம், எதோடு ஒப்பிடுகிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் கட்ட ஆய்வு அளவையும் பாதுகாப்பையும் பார்ப்பதற்கு. குணமாகும் என்று யாரும் அங்கே வாக்குக் கொடுக்கக் கூடாது.

பாசிமணி:
நுண்ணோக்கி சார், தலைப்பிலிருந்து விலகுகிறேன், மன்னியுங்கள். என் தங்கக் கம்பித் துகள்கள் மருந்து ஏற்றாமலே செல்களைக் கொல்கின்றன. எம்.டி.டி சோதனையில் (உயிரோடிருக்கும் செல்லைச் சாயத்தின் நிறத்தால் அளப்பது) உயிர்ப்பு பாதிக்குக் கீழே. என் வழிகாட்டி "துகளே அப்போப்டோசிஸைத் தூண்டுகிறது என்று எழுதிவிடு" என்கிறார். எழுதலாமா?

சந்தேகப்பிராணி:
ஆஹா. காணொளி எங்கேர்ந்து பிறக்குதுன்னு இப்போ தெரியுதா!

நுண்ணோக்கி:
எழுதாதீர்கள், இப்போதைக்கு. தங்கக் கம்பி வளர்க்க சி.டி.ஏ.பி என்ற சோப்பு வகை வேதிப்பொருளைப் பயன்படுத்தியிருப்பீர்கள். சவ்வைக் கிழிக்கும் நஞ்சு அது. துகளை மையவிலக்கியில் கீழே இறக்கிவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் செல்களுக்குப் போடுங்கள். அதிலும் செத்தால் கொலையாளி துகள் அல்ல.

அடுத்தது, எம்.டி.டி-யையே சந்தேகியுங்கள். தங்கமும் சோதனைச் சாயமும் அருகருகே உள்ள அலைநீளங்களில் ஒளியை உறிஞ்சும். கார்பன் நானோகுழாய்கள் சாயத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, உயிரோடிருக்கும் செல்லையும் செத்ததாகக் காட்டியதை 2006-லேயே எழுதியிருக்கிறார்கள். செல் இல்லாமல் துகளும் சாயமும் மட்டும் வைத்த கிணறுகள் (சோதனைத் தட்டின் சிறு குழிகள்) உங்கள் தட்டில் உண்டா?

இவை எல்லாம் தாண்டினால்தான் எந்தச் சாவு என்ற கேள்வி. கேஸ்பேஸைத் தடுக்கும் இசட்-வாட் போட்டால் செல் பிழைக்கிறதா? பிழைத்தால் அப்போப்டோசிஸ் என்று பேசலாம். ஃபெரோப்டோசிஸைத் தடுக்கும் ஃபெரோஸ்டாட்டின்-1 போட்டுப் பிழைத்தால் கதை வேறு. இரண்டிலும் பிழைக்கவில்லையென்றால் பெரும்பாலும் சவ்வுதான் கிழிந்திருக்கும். புற்றில்லாத செல் ஒன்றையும் அதே தட்டில் அதே செறிவில் வையுங்கள்.

பாசிமணி:
தெளிந்த நீர் சோதனை செய்ததே இல்லை சார். செல் இல்லாத கிணறும் இல்லை. திங்கள்கிழமை வைக்கிறேன், முடிவை இங்கேயே போடுகிறேன். வழிகாட்டியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

சந்தேகப்பிராணி:
கட்டுரையை மதிப்பிடறவன் நானா இருந்தா முதல் கேள்வியே அதுதான்னு சொல்லும்மா. பொய்யில்ல, அடிக்கடி நான்தான்.